கடலில் வைத்த புள்ளி

நவம்பர் 16

டிக்கெட் வந்துவிட்டது. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி காலை சென்னையிலிருந்து போர்ட் பிளேர். மொத்தம் ஏழு நாள். பெங்களூரிலிருந்து மகள் சௌம்யா பதிவு செய்து அனுப்பினாள். கடைத்தெருவில் அச்செடுத்து வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு பீரோவில் வைத்தேன்.

தாராபுரத்துப் பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் புவியியல் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் இந்தியாவை வரைந்து முடித்ததும், வலது ஓரத்தில் சாக்பீஸ் முனையால் மேலிருந்து கீழாகப் பொட்டுப் பொட்டாக வைப்பேன். அந்தமான், நிகோபார். அதை விட்டுவிட்டு இந்தியா வரைந்த பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறையும். ஊரைக் குறிக்கச் சொல்லும்போது புள்ளி கடலுக்குள் போய்விட்டால் பூஜ்யம்தான். "மதராஸ் என்ன, மிதக்குதா?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். நானே பார்த்திராத தீவுகளுக்காக எத்தனை பிள்ளைகளுக்கு அரை அரையாகப் போயிருக்கும்! அதனால்தான் போக வேண்டும் என்கிறேன். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம். "கடலுக்கு அக்கட்ட டீக்கடை இருக்குமா புள்ள?"

நவம்பர் 19

வரைபடம் வாங்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து வீட்டில் சண்டை. அவர் முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாளும் வரைபடத்தைக் கையால் தொட்டதில்லை.

"வழி தெரியலீன்னா நிறுத்திப்போட்டு ஒரு ஆளக் கேளு. ஆளு சொல்லாததையா உன்ற காயிதம் சொல்லப்போவுது?"

"கடல்ல யாருங்க நிப்பாங்க, நிறுத்திக் கேக்கறதுக்கு?"

 அதற்கு மகளிடம்தான் பதில் இருந்தது. போனிலேயே எல்லா வரைபடமும் இருக்கிறதாம். அவளுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். போனில் தீவுகளைப் பார்ப்பது, சாவித் துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பது மாதிரி. தாலி கட்டுவது தெரியலாம். யார் யார் வந்திருக்கிறார்கள், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அது தெரியாது. தீவுக்கூட்டத்துக்கு அதுதானே முக்கியம்? எந்தத் தீவுக்குப் பக்கத்தில் எது, நடுவில் எவ்வளவு தண்ணீர் என்பது. "தவிரவும், அங்கே பல இடத்தில் சிக்னல் கிடையாதாம்" என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்றாள். வகுப்பில் கடைசி பெஞ்சு சொல்லும் அதே "சரி".

கோவையில் திசைகாட்டி புத்தக நிலையம் என்று ஒரு கடை. வரைபடங்கள் மட்டும் ஒரு சுவர் முழுக்க வைத்திருப்பதாகக் கேள்வி. உரிமையாளர் ஹக்கீம் பாயிடம் போனில் பேசினேன். அந்தமானுக்கு மூன்று வகை இருக்கிறதாம். மூன்றையும் அனுப்பச் சொல்லிவிட்டேன். பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாம்.

நவம்பர் 25

மூன்றும் வந்தன. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒவ்வொன்றாக விரித்தேன். அவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்.

முதலாவது பளபளவென்று இருக்கிறது. ஆனால் கடல் முழுவதும் ஓட்டல் விளம்பரம். நிகோபாரைத் தூக்கி மூலையில் ஒரு கட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்கள், இடம் மிச்சம் பிடிப்பதற்காக. அந்தமானுக்கும் நிகோபாருக்கும் நடுவே ஓடும் பத்து டிகிரி கால்வாய் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால், கட்டத்தின் கோட்டைக் காட்டுவதா? வேண்டாம்.

இரண்டாவது அழகு. ஆனால் மடிப்பு சரியாகத் தெற்கு அந்தமான் மேலேயே விழுகிறது. நாலு முறை மடித்துப் பிரித்தால் போர்ட் பிளேர் கிழிந்துவிடும். வரைபடம் வாங்குகிறவர்கள் முதலில் மடிப்பைத்தான் பார்க்க வேண்டும். சேலை வாங்கும்போது முந்தானையைப் பார்க்கிறோமே, அது மாதிரி.

மூன்றாவதுதான் வரைபடம். தடித்த காகிதம், ஓரத்தில் ஈர விரல் வைத்தேன், மை கலையவில்லை. அளவுகோல் கீழே தெளிவாக இருக்கிறது. படகு போகும் வழி விட்டு விட்டு வரும் கோடாக, பவளப்பாறைகள் இளஞ்சிவப்பாக. ஹேவ்லாக் என்ற பழைய பெயரும் சுவராஜ் தீவு என்ற புதுப் பெயரும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். படகுத்துறையில் ஒருவர் பழையதைச் சொல்வார், டிக்கெட்டில் புதியது இருக்கும், இரண்டும் தெரிந்தால்தான் பிழைக்கலாம்.

ஆனால் ஒரு பெரிய குறை. பன்னிரண்டு டிகிரி அட்சக்கோடு ஹேவ்லாக் மேல் போகிற இடத்தில் வளைந்திருக்கிறது. மெலிதாக, நூல் நனைந்து தொங்குகிற மாதிரி. பக்கத்தில் எழுத்துகளும் நசுங்கியிருக்கின்றன. மற்றதெல்லாம் இத்தனை பொறுப்பாகச் செய்துவிட்டு அட்சக்கோட்டில் கோட்டை விடலாமா?

பழைய வழக்கம். சிவப்புப் பேனாவால் அந்த இடத்தை வட்டமிட்டு, "கோடு வளைவு, கவனிக்கவும்" என்று எழுதி, மூன்றையும் திருப்பி அனுப்பினேன். மூன்றாவதில் மட்டும் நல்ல பிரதி ஒன்று கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 27

கூடத்து டியூப்லைட்டை மாற்றச் சொன்னேன். மாற்றினார். அப்படி ஒன்றும் வெளிச்சம் கூடவில்லை.

டிசம்பர் 3

மாற்றுப் பிரதி வந்தது. அதிலும் அதே பிழை! அதிசயம் என்னவென்றால், இம்முறை ஹேவ்லாக் பக்கத்தில் மட்டும் இல்லை. பாரத்தாங் தீவுப் பக்கம் பார்த்தால் அங்கே போகிற கோடு வளைகிறது. வடக்கே திக்லிப்பூர் பக்கம் பார்த்தால் அங்கேயும். எங்கே உற்றுப் பார்க்கிறேனோ அங்கே.

மூன்று வட்டம் போட்டு இதையும் திருப்பி அனுப்பினேன். கடிதத்தில் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். "ஒரு மாணவி இப்படி வரைந்திருந்தால் மறுபடி வரையச் சொல்லியிருப்பேன்" என்று.

இந்த நாட்குறிப்பின் கோடுகளும் இந்த வருடம் மட்டமாகத்தான் இருக்கின்றன. அச்சுத் தொழிலே அப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது.

டிசம்பர் 6

வாழைத்தண்டு பொரியல். காலையில் காபி ஆற்றும்போது டம்ளருக்கு வெளியே கொஞ்சம் ஊற்றிவிட்டேன். புது டம்ளர், வாய் சிறியது.

"ஏம்புள்ள, கோழி பாக்கற மாதிரி ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு பாக்கற?"

"கழுத்துப் பிடிப்புங்க."

"தைலம் தேச்சுடட்டுமா?"

தேய்த்துவிட்டார். கழுத்து நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் சுகமாக இருந்தது.

டிசம்பர் 9

ஹக்கீம் பாய் போன் செய்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாக, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இருபத்திரண்டு வருஷமா மேப்தான் விக்கறேன். நீங்க வட்டம் போட்ட இடத்துல எல்லாம் ஸ்கேல் வச்சுப் பாத்தேன். கடையில இருக்கற பசங்களையும் பாக்கச் சொன்னேன். கோடு நேராத்தாங்க இருக்குது."

"அப்படீங்களா?"

"இன்னொரு பிரதி அனுப்பிவைக்கறேன். வந்ததும் நீங்களே ஸ்கேல் வச்சுப் பாத்துருங்க. அப்புறமும் வளைஞ்சிருந்தா, நான் மேப் விக்கறதையே விட்டுடறேன்."

இருவரும் சிரித்தோம்.

டிசம்பர் 12

வரைபடம் வந்தது. என்னுடைய இரும்பு ஸ்கேல் பள்ளியில் சேர்ந்த வருடம் வாங்கியது. கீழே போட்டாலும் வளையாது. அட்சக்கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன்.

ஸ்கேலும் வளைந்திருந்தது.

டிசம்பர் 13

இட்லிக்கு அரைத்தேன். மழை.

டிசம்பர் 15

சன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இடது கண்ணை மூடினால் கம்பிகள் கம்பிகளாக இருக்கின்றன. வலது கண்ணை மூடினால் நடுக் கம்பி இரண்டும் இடுப்பை ஒடித்து நிற்கின்றன. பழைய வீடு. கம்பி எப்போதோ வளைந்திருக்கலாம்.

போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது வாயைத் திறந்தால் அவர் என்ன செய்வார் என்று தெரியும். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்ததற்குக் கொடைக்கானல் பயணத்தையே நிறுத்தியவர். அடுத்த வருடம் போகலாம் என்றார். அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. தீவுகளை முதலில் பார்க்க வேண்டும். அதுவும் இப்போது பார்க்க வேண்டும். அடுத்த வருடம் என்பதை இந்த முறை நான் நம்பத் தயாராக இல்லை.

ஜனவரி இருபத்தைந்துக்கு இன்னும் நாற்பத்தொரு நாள். அவ்வளவுதானே? டம்ளரைக் கொஞ்சம் பெரிதாக வாங்கிக்கொண்டால் போகிறது.

டிசம்பர் 16

அவருக்குக் கண் உறுத்துகிறதாம். கோவையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். "தொணைக்கு நீயும் வா புள்ள" என்கிறார். ஆஸ்பத்திரிக்குத் துணை தேடுகிற ஆளில்லை அவர். இருந்தாலும் போகிறேன். வரும்போது ஒரு நல்ல தொப்பி வாங்கலாம்.

டிசம்பர் 18

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வெளியே வந்து கூப்பிட்டார்: "ரங்கநாயகி சென்னியப்பன்."

என் பெயர்! நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தார்.

"என்னுங்க இது? உங்க பேருதான கூப்பிடோணும்?"

"எழுதறவங்க மாத்தி எழுதிப்போட்டாங்களாட்ட இருக்குது. கூப்பிட்டுட்டாங்க, போய்ட்டு வந்துரு. நல்ல மனுசங்க, பாவம்."

டாக்டர் ஷெரின் சின்னப் பெண். சொட்டு மருந்து போடுவதற்கு முன்னால் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட்சக்கோடும் தீர்க்கக்கோடும்! அட்டை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. நாடு மட்டும்தான் இல்லை.

"வலது கண்ணை மூடிக்குங்கம்மா. நடுப் புள்ளியை மட்டும் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?"

நான் அட்டையையே பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவள். பதில் தெரிந்தும் எழுந்து சொல்லப் பயந்து நிற்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். இன்று அந்த முகம் என்னிடம் இருந்தது.

"அம்மா?"

"அச்சு சரியில்லைங்க டாக்டர்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி கையில் கொடுத்தார். "இப்போ?"

இப்போதும் அதே நடுவில்தான் வளைந்தது. அட்டையைத் திருப்பினாலும் வளைவு திரும்பவில்லை.

"என்ற கண்ணுதாங்க" என்றேன். சொல்லி முடித்ததும் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

இடது கண்ணின் விழித்திரையில், நடுப்பகுதியில் நீர் கசிகிறதாம். எனக்குப் புரிய அவரே ஓர் உதாரணம் சொன்னார். சுவரில் ஓதம் ஏறினால் ஒட்டியிருக்கும் காகிதம் உப்பிக்கொள்ளும். அதில் வரைந்திருக்கிற கோடும் வளையும். நல்ல உதாரணம், குறித்து வைத்துக்கொண்டேன். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். மாதம் ஒன்றாக மூன்று. வலது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. "இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் இப்படிச் சிரிச்சுப் பேசிட்டிருக்க மாட்டேன்" என்றார். போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிய பக்கம் ஞாபகம் வந்தது. அதைக் கிழிக்கப் போவதில்லை. தவறான விடையும் தாளில் இருக்கட்டும்.

பேருந்தில் திரும்பி வரும்போது, பல்லடம் தாண்டியதும் கேட்டேன்.

"எப்பத்திலிருந்துங்க தெரியும் உங்களுக்கு?"

"டியூப்லைட்டு மாத்துன அன்னிக்கு. பழைய லைட்டு நல்லாத்தான எரிஞ்சிட்டிருந்துது." சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "வருசா வருசம் கண்ணு டெஸ்ட்டு குடுத்துத்தான் நான் வண்டி எடுத்தேன். பாக்கத் தெரியாதா? நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன். காபி வெளிய ஊத்துது, கழுத்துப் பிடிப்புங்கற. அப்புறம் ஒருநாள் அந்த இரும்பு ஸ்கேல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்த பாரு. அதுக்கு மேல என்னால முடியல."

"டிக்கெட்ட ரத்து பண்ணிருவீங்களா?"

"கேட்டனே. உனக்குச் சொட்டு மருந்து விட்டு உக்கார வெச்சிருந்தாங்கல்ல, அப்ப டாக்டரக் கேட்டேன். ரெண்டு ஊசி போட்டு ஒரு வாரம் தள்ளிப் போகலாமாம். கடல்ல முங்கக்கூடாது, அவ்வளவுதான். முங்கறதா இருந்தா ரத்து, பாக்கறதா இருந்தா போலாம். எது வேணும்?"

"பாக்கறதுதாங்க."

"அப்பத் தொப்பி வாங்க மறந்துட்டமே" என்றார்.

டிசம்பர் 20

முதல் ஊசி. எறும்பு கடித்த அளவுகூட இல்லை. பயந்ததுதான் வலி.

டிசம்பர் 21

இன்று எழுதுவது ஆ. சென்னியப்பன், ஓட்டுநர் (ஓய்வு). டீச்சர் கண்ணுக்கு ஓய்வு கொடுத்திருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். காலை உப்புமா. உப்பு அதிகம் என்று எழுதச் சொல்கிறார். உப்பு சரியாக இருந்தது. கையெழுத்தை நேராக எழுதச் சொல்கிறார். கோடு தெரியாதவர் எனக்குச் சொல்ல வந்துவிட்டார். இதையும் எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நாளைக்குப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார், வரட்டும்.

டிசம்பர் 22

படித்தேன். உப்பு அதிகம்தான்.

டிசம்பர் 27

ஹக்கீம் பாய்க்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மாணவிகளின் விடைத்தாளில் தவறாகக் கூட்டிவிட்டால் அடுத்த நாள் வகுப்பிலேயே ஒப்புக்கொள்வேன். இது கொஞ்சம் கடினமாக இருந்தது. இரண்டு நல்ல பிரதிகளில் நாலு இடத்தில் சிவப்பு மை போட்டுக் கெடுத்திருக்கிறேன். "வளைவு உங்கள் காகிதத்தில் இல்லை, என் கண்ணில். நீங்கள் ஸ்கேல் வைக்கச் சொல்லியிருக்காவிட்டால் தீவுகளோடு சேர்த்து இன்னும் பலவற்றை நான் தொலைத்திருப்பேன்" என்று முடித்தேன்.

ஜனவரி 3

கோவையிலிருந்து ஒரு உருளை. பிரித்தால், நான் முதலில் திருப்பி அனுப்பிய பிரதி. ஹேவ்லாக் மேல் என் சிவப்பு வட்டம், "கோடு வளைவு, கவனிக்கவும்" என்று என் எழுத்து. கூடவே ஒரு சீட்டு: "டீச்சர் திருத்திய தாளை நான் யாருக்கு விற்க முடியும்? நீங்களே கொண்டுபோங்கள். வந்ததும் பவளப்பாறை எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். நான் விற்கிறேனே தவிர, ஒரு தீவும் பார்த்ததில்லை."

புதுப் பிரதி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. எதை எடுத்துப் போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புதியதைக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டார் அவர். "கண்ணு டெஸ்ட்டுக்கு ஆச்சு" என்கிறார்.

ஜனவரி 17

இரண்டாவது ஊசி. டாக்டர் கொடுத்த கட்ட அட்டை குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறது. தினமும் காலை காபிக்கு முன்னால் வருகைப் பதிவு மாதிரி கேட்கிறார்: "நடுப் புள்ளி?" "உள்ளேன்." "கோடு?" இன்று "கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது" என்றேன். உண்மைதான். இடுப்பு ஒடிந்தது இப்போது லேசான கூன் அளவுக்கு வந்திருக்கிறது. முழுவதும் நேராகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஜனவரி 24

சென்னை. தொப்பி வாங்கியாயிற்று. நாளை.

ஜனவரி 27

ஹேவ்லாக். படகுத்துறைக்குப் பக்கத்து விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே தென்னை மரங்கள். நம் ஊர் மாதிரியேதான் இருக்கின்றன, ஆனால் அடுத்து கடல்.

காலையில் போர்ட் பிளேரிலிருந்து படகு. மேல்தட்டில் இடம் கிடைத்தது. கடல் முதலில் சாம்பல், பிறகு நீலம், பிறகு அந்த நிறத்துக்குப் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாதது எனக்குப் பிடித்திருந்தது. நான் நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவானம் இடது கண்ணில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. வலது கண்ணில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. இரண்டையும் திறந்து பார்த்தால் போதுமான அளவு நேராக இருந்தது.

திரும்பிப் பார்த்தால், அவர் வரைபடத்தைக் காலடியில் தரையில் விரித்து வைத்திருக்கிறார்! முப்பது வருடம் காகிதத்தைத் தொடாதவர். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு செருப்பு.

"என்னுங்க பண்றீங்க?"

"இரு புள்ள, தொந்தரவு பண்ணாத. அந்தா தெரியுது பாரு மேட்டுக்காடு, அது இந்தத் தீவு. இது அது. அப்ப நாம..." என்று தன் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து, அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தார். பிறகு விடைத்தாளைக் கொடுக்கிற மாதிரி வரைபடத்தை என் பக்கம் நகர்த்தினார்.

தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். புள்ளி தெரிந்தது. என் சிவப்பு வட்டத்துக்குச் சற்று வெளியே, பன்னிரண்டு டிகிரிக் கோட்டுக்குக் கீழே, நட்ட நடுக் கடலில் இருந்தது.

"கடல்ல வெச்சிருக்கீங்க" என்றேன். பழக்கதோஷம். "பூஜ்யம்."

அவர் என்னைப் பார்த்தார். படகின் ஓரத்துக்கு அப்பால் கையை நீட்டிச் சுற்றிக் காட்டினார்.

"ஏனுங்க டீச்சர், நாம இப்ப எங்கீங்க இருக்கறோம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளத்துக் குடும்பம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

பிறகு கைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். படகு ஆடியது, கோடு கொஞ்சம் வளைந்துதான் வந்தது. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் சரி போட்டு, முழு மதிப்பெண் கொடுத்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.